அது மருந்து அல்ல, சுவடு காட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு தங்கள் மருத்துவப் பக்கத்தில் எலும்புப் புற்றுநோய்க்குப் புதிய ஊசி வருகிறது, மனிதரில் பரிசோதனை ஆரம்பம் என்று ஒரு தலைப்பு இருந்தது. நாலாவது பந்தியில்தான், அது பெட் ஸ்கான் (உடம்புக்குள் நோய் இருக்கும் இடத்தைப் படம் பிடிக்கும் சோதனை) எடுக்க முன் ஏற்றும் ஒரு பொருள் என்ற விவரம் வருகிறது. நாலாவது பந்திவரை போகிறவர்கள் எத்தனை பேர் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அன்று பின்னேரமே எனக்கு ஒரு அழைப்பு. நிலாவெளிப் பக்கம் இருக்கும் என் பழைய மாணவி. அவளுடைய மகளுக்குப் பதினைந்து வயது. முழங்காலுக்குச் சற்று மேலே, தொடை எலும்பில் ஒஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்றுநோய். கீமோ ஓடிக்கொண்டிருக்கிறது, அடுத்தது சத்திரசிகிச்சை. "சேர், காலை எடுக்க வேண்டி வரலாம் எண்டு டொக்டர் சொல்றார். பேப்பர்ல போட்ட அந்த ஊசி வர்ற வரைக்கும் ஒப்பரேசனைத் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்கவா?" என்றாள்.

இந்தக் கடிதம் எழுத அந்த ஒரு கேள்விதான் காரணம். நான் டொக்டர் இல்லை. முப்பது வருசம் பௌதிகவியல் படிப்பித்தவன். ஆனால் இந்த நோய் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்து போயிருக்கிறது.

பெட் ஸ்கானில் வழக்கமாக ஏற்றுவது கதிரியக்கம் சேர்த்த ஒருவகைச் சீனி. எந்த இடத்துக் கலங்கள் சீனியை அதிகம் இழுக்கின்றனவோ அந்த இடம் படத்தில் ஒளிரும். புற்று நிறைய இழுக்கும், உண்மைதான். ஆனால் கிருமி தொற்றிய இடமும் இழுக்கும், ஆறிக்கொண்டிருக்கும் வெட்டுக்காயமும் இழுக்கும். வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனிகளிலும் கொஞ்சம் ஒளி தெரியும். குறிவைத்துச் செல்லும் புதுப் பொருட்கள், புற்றுக் கலத்திலோ அதைச் சுற்றிய இழையத்திலோ இருக்கும் ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும்படி செய்யப்பட்டவை. 2018 அளவில் ஜெர்மனியின் ஹைடல்பேர்க்கில் இருந்து வெளிவந்த ஒரு வகை, புற்றைச் சூழ்ந்த நார்க்கலங்களின் புரதம் ஒன்றைக் குறிவைக்கிறது. ஆங்கிலத்தில் ட்ரேசர் என்பார்கள். நான் வகுப்பில் 'சுவடு காட்டி' என்றுதான் சொல்வேன். அது நோய் இருக்கும் இடத்தைக் காட்டும். நோயைத் தொடாது.

காட்டுவது சின்ன விசயமா என்று கேட்டால், இல்லை. என் தங்கையின் மகன் பந்தடிக்கிறவன். முழங்கால் வலி என்றதும் பந்தடித்ததால் வந்த வலி என்று நாங்களே முடிவு கட்டினோம். எண்ணெய் போட்டு உருவினோம், பரியாரியிடம் கட்டுப் போட்டோம். மூன்று மாதம் அப்படியே போனது. இரவில் வலியில் எழும்பி உட்கார்ந்திருப்பான். அதைக் கண்ட பிறகுதான் எக்ஸ்ரே எடுத்தோம். (இரவில் எழுப்பும் எலும்பு வலியை உருவாதீர்கள், முதலில் ஒரு எக்ஸ்ரே எடுங்கள். இதை உங்கள் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டால் நல்லது.) முழங்காலுக்கு மேலே கால் போனது. கீமோ எல்லாம் முடிந்த பிறகு எலும்பு ஸ்கானில், வெட்டிய எலும்பின் நுனியில் கறுப்பாக ஒரு பொட்டு. நோய் திரும்பியதா, எலும்பு ஆறுகிறதா? அந்த ஸ்கானுக்கு இரண்டும் ஒன்றுதான். புது எலும்பு எங்கே கட்டப்படுகிறதோ அங்கெல்லாம் அது கறுப்புக் காட்டும். மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்கள். அந்த மூன்று மாதமும் தங்கை பத்திரகாளி அம்மன் கோவிலுக்கு நடந்த நடை எனக்குத்தான் தெரியும். கடைசியில் அது ஆறுகிற எலும்புதான். அந்தப் பொட்டு என்னவென்று அன்றே சொல்லக்கூடிய ஒன்று கிடைத்தால் நான் கும்பிடுவேன். ஆனால் இந்தப் புதுப் பொருட்களும் ஆறும் முறிவிலும் மூட்டுவாதத்திலும் சில நேரம் ஒளிரும். எவ்வளவு தூரம் ஏமாற்றும், எவ்வளவு தூரம் நம்பலாம் என்று அறியத்தான் பரிசோதனையே நடக்கிறது.

தொடக்கக் கட்டப் பரிசோதனையில் ஆட்கள் குறைவு. ஏற்றிய பொருள் உடம்பில் எங்கெங்கே போகிறது, சிறுநீரகத்தில் எவ்வளவு கதிர் படுகிறது, படத்தில் ஒளிர்ந்த இடத்தில் பயொப்சி (சோதிக்க ஒரு சிறு துண்டு இழையம்) எடுத்தால் உள்ளே புற்று இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கலந்துகொள்ளும் நோயாளியின் கீமோவும் ஒப்பரேசனும் அதற்காகக் காத்து நிற்பதில்லை. நிற்கவும் கூடாது. கனடாவில் என் மருமகளின் பிள்ளைகள் செப்டம்பரில் பள்ளிக்கூடத்தில் ஓடும் ரெறி பொக்ஸ் ஓட்டம், இதே நோயில் 1977இல், 18 வயதில், வலது காலை இழந்தவரின் பெயரில்தான் நடக்கிறது. 1980இல் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் சேர்க்க, ஒற்றைக் காலும் செயற்கைக் காலுமாக 143 நாள் ஓடினார். நுரையீரலில் பரவியதால் நிறுத்தினார். அடுத்த வருசம் இறந்தார். இது நுரையீரலைத் தேடிப் போகும் நோய். அந்தக் காலத்துக்கு முன் காலை மட்டும் எடுத்து விட்டவர்களில் பத்தில் இரண்டு பேர் தப்பினால் பெரிது. இன்று பரவ முன் பிடித்தால், கீமோவும் சத்திரசிகிச்சையும் சேர்ந்து பத்தில் ஆறேழு பேரைக் காப்பாற்றுகின்றன. அந்தப் பிள்ளைக்குத் தள்ளிப்போடக் கூடாத சங்கதி இதுதான்.

இன்னொன்று. வாத்தியார் புத்தி, கணக்குப் போடாமல் விடாது. சீனியில் சேர்க்கும் கதிரியக்கப் பொருளான புளோரின் 18இன் அரை ஆயுட்காலம், அதாவது அது பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், 110 நிமிடம். திருகோணமலையில் இருந்து கொழும்புக்கு பஸ்ஸில் ஏழு மணித்தியாலம் என்று வையுங்கள். அங்கே செய்து இங்கே அனுப்பினால் ஏறக்குறைய பதினாலில் ஒரு பங்குதான் மிஞ்சும். புதுப் பொருட்கள் பலவற்றில் சேர்க்கும் கலியம் 68க்கு 68 நிமிடம்தான், அதில் ஏறக்குறைய எழுபதில் ஒரு பங்கு வந்து சேரலாம். சிர்க்கோனியம் 89க்கு அது மூன்று நாளுக்கு மேல், இரவு ரயிலில் அனுப்பினாலும் பெரும்பகுதி மிஞ்சும். ஆனால் உடம்பில் படும் கதிர் அதிகம், படம் எடுக்கவும் சில நாள் பொறுக்க வேண்டும். 2016இல் மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு பெட் ஸ்கான் இயந்திரம் வாங்கப் பொதுமக்களிடம் பணம் திரட்டினார்கள், 20 கோடி ரூபா. இயந்திரத்துக்குக் காசு கொடுத்த எங்களில் பலருக்கு, அதற்குள் போகும் பொருள் அன்றன்று சமைத்த சோறு போல என்பது தெரியாது. ஆக, அந்தப் பரிசோதனை நன்றாக முடிந்தாலும் 'ஊசி' எங்கள் கிளினிக்குக்குப் பெட்டியில் வந்து இறங்கப் போவதில்லை.

மாணவியிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "பிள்ளை, அது மருந்து இல்லை, டொக்டர் சொன்ன நாளுக்குப் போ" என்றேன். "பேப்பர்ல பிழையாவா போடுவாங்க, சேர்?" என்று கேட்டாள். அவளுக்கு அச்செழுத்தில்தான் நம்பிக்கை, அப்படிப் பழக்கியதில் எனக்கும் பங்குண்டு.

வருகிற செவ்வாய் தாயும் மகளும் இரவு ரயிலில் கொழும்பு போகிறார்கள். அதற்கு முன், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போட்டீர்களானால், வெட்டி எடுத்துக்கொண்டு ஸ்டேசனுக்குப் போவேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
உப்புவெளி, திருகோணமலை.