வரிசையில் நிற்பவரைக் கேள்

அன்புள்ள நண்பா,

அடுத்த ஜூனில் நம் தென்னாப்பிரிக்காவின் மகாண்டா ஊரில் நடக்கும் தேசியக் கலைவிழாவுக்குத் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போ. நாலு நாள் போதும். என்னென்ன பார்ப்பது என்பதை மட்டும் அங்கே ஜோகன்னஸ்பர்க் லெனேசியாவில் உட்கார்ந்துகொண்டு முழுக்கத் தீர்மானித்துவிடாதே. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் விவரமாக எழுதச் சொல்லியிருக்கிறாய், எனக்கும் வேலை வெட்டி கிடையாது.

முதலில் வீட்டுச் சமாச்சாரம். என் வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, படி ஏறுகிறாள். பேத்தி பரதம் கற்றுக்கொள்ளப் போகிறாள். ஆட்டம் இன்னும் வரவில்லை, போட்டோவுக்கு நிற்பதில் தேறிவிட்டாள். கோயில் கமிட்டியில் வழக்கமான சண்டை. கூழ் ஊற்றும் நாளில் பந்தலை எந்தப் பக்கம் போடுவது என்று ஆரம்பித்துப் பழைய கணக்கு வழக்கு வரை போயிற்று. நான் இப்போதெல்லாம் வாயைத் திறப்பதில்லை. இங்கே டர்பன் மெரிபேங்கில் நாம் தமிழ் வகுப்புக்குப் போன கட்டடத்துக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், நன்றாகவே இருக்கிறது.

சரி, விழாவுக்கு வருகிறேன்.

1974-இல் தொடங்கிய விழா இது. 2024-இல் 50 வருஷம் ஆனது. ஜூன் கடைசியிலும் ஜூலை தொடக்கத்திலுமாகப் பத்துப் பதினொரு நாள் நடக்கும். அது ரோட்ஸ் பல்கலைக்கழகத்தின் விடுமுறைக் காலம். அதனால் விரிவுரைக் கூடங்கள் நாடகக் கொட்டகை ஆகிவிடும். மாணவர் விடுதி அறைகள் வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்குக் கிடைக்கும். பள்ளிக்கூட ஹால், சர்ச் ஹால், எது காலியாக இருந்தாலும் அங்கே ஒரு மேடை. ஊர் என்னவோ சின்னதுதான். கதீட்ரல் இருப்பதால் சிட்டி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அந்த ஹை ஸ்ட்ரீட்டிலேயே கழுதைகள் சாவகாசமாக நடந்து போவதையும் பார்ப்பாய்.

விழாவில் இரண்டு பிரிவு உண்டு. ஒன்று, விழாக்குழுவே தேர்ந்தெடுத்து அழைக்கும் முதன்மை நிகழ்ச்சிகள். இளம் கலைஞர் விருது வாங்கியவர்களின் புதுப் படைப்புகளெல்லாம் இதில்தான் வரும். இன்னொன்று ஃபிரிஞ்ச். அங்கே தேர்வு கிடையாது. பணம் கட்டிப் பதிவு செய்து, இடம் பிடித்தால் யார் வேண்டுமானாலும் மேடை ஏறலாம். விழாவின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி. உன்னைக் கொட்டாவி விட வைப்பதும் அங்கேதான்.

இதில்தான் பலரும் சிக்கிக்கொள்கிறார்கள். நிகழ்ச்சிப் பட்டியலை முன்கூட்டியே வைத்துக்கொண்டு, பென்சிலால் கோடு போட்டு, காலை பத்திலிருந்து ராத்திரி பத்து வரை அடுக்கிவிடுவார்கள். பட்டியலில் ஒவ்வொரு நாடகத்தைப் பற்றியும் நாலு வரி இருக்கும். அந்த நாலு வரியை எழுதியவர்கள் யார் என்கிறாய்? அந்தந்தக் குழுவினரே. தன் பிள்ளை கறுப்பு என்று யார் எழுதுவார்கள்? எல்லாமே மனதை உலுக்கும், எல்லாமே வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கும். அதை நம்பி வாங்கிய டிக்கெட்டில் நானும் ஒரு சர்ச் ஹாலில் மாட்டிக்கொண்டேன். முக்கால்வாசி நேரம் ஒருவர் சூட்கேஸைத் திறந்தார், மூடினார். பெயர் வேண்டாம், பாவம், பாடுபட்டுத்தான் செய்தார்கள். நல்லவேளை, ஃபிரிஞ்ச் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

நம்ப வேண்டியது வரிசையில் நிற்பவர்களை. ஒரே நாடகத்தை வெவ்வேறு நாளில், வெவ்வேறு நேரத்தில் பலமுறை போடுவார்கள். ஆகவே நேற்றுப் பார்த்தவர் இன்று உன் பக்கத்தில் நிற்பார். 'என்ன பார்த்தீர்கள், எது நன்றாக இருந்தது' என்று கேட்டால் போதும், முன்பின் தெரியாதவர்கள்கூட அண்ணன் தம்பி மாதிரி பேசுவார்கள். ஒரே பெயரை வெவ்வேறு ஆட்கள் சொன்னால், அன்று மாலையே டிக்கெட் வாங்கிவிடு. இதனால்தான் முதல் நாளே போய் இறங்காதே என்கிறேன். முதல் இரண்டு நாள் யாரும் எதையும் பார்த்திருக்க மாட்டார்கள். மூன்றாம் நாள் போல வந்தால் ஊரே உனக்காகப் பார்த்து வைத்திருக்கும். கடைசி இரண்டு நாளும் வேண்டாம், நடிகர்களுக்குத் தொண்டை கட்டியிருக்கும். ஃபிரிஞ்சில் நல்லவற்றுக்கு ஓவேஷன் விருது என்று நடுவிலேயே அறிவிப்பார்கள்; அறிவித்த கையோடு அந்த டிக்கெட்டுகள் பறந்துவிடும். விருதுக்கு முன்பே வரிசைக்காரர்கள் சொல்லிவிடுவார்கள் என்பது வேறு விஷயம்.

எனக்கு அப்படிக் கிடைத்தது ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஒரு சின்னப் பெண் தனியாக நடித்த நாடகம். முக்கால்வாசி அந்தப் பகுதி மக்களின் கோசா மொழியில். பெடி என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மாள்தான், காபி வரிசையில், "உங்களுக்கு பாஷை புரியாது, இருந்தாலும் போங்கள்" என்றார். மேடையில் ஒரு தகரப் பேசினும் ஒரு துண்டுக் கம்பளியும் தவிர ஒன்றும் இல்லை. அந்தப் பெண் பாட்டியாக உட்கார்ந்தபோது அவள் முதுகு வளைந்த விதத்தில் என் ஆயாவைப் பார்த்தேன். கரும்புத் தோட்டத்தில் குனிந்தே பழகிய முதுகு. பக்கத்திலிருந்தவர்கள் சிரித்த இடங்களில் ஏன் சிரித்தார்கள் என்று தெரியவில்லை, அழுத இடத்தில் மட்டும் விளக்கம் தேவைப்படவில்லை. முடிந்ததும் நர்ஸ் அம்மாளைத் தேடிப் பிடித்து, சிரித்த இடங்களுக்கெல்லாம் அர்த்தம் கேட்டேன். அதற்கே முக்கால் மணி நேரம். அந்தப் பேச்சால் அடுத்து வாங்கி வைத்திருந்த டிக்கெட் வீணானது. எனக்கு வருத்தமே இல்லை.

யோசித்துப் பார், நம் ஆட்கள் பழகிய முறையே அதுதானே. மவுண்ட் எட்ஜ்கம் பக்கம் விடிய விடிய நடந்த தெருக்கூத்து, அதுதான் நாம் சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று சொல்வோமே, அதை யார் ஒரே மூச்சில் பார்த்தார்கள்? பெரியவர்கள் நடுவில் எழுந்து போவார்கள், தேநீர் குடிப்பார்கள், வேஷக்காரனைப் பற்றி வாதாடுவார்கள், திரும்ப வந்து உட்காருவார்கள். நாம் சாக்கில் சுருண்டு தூங்கிவிடுவோம். அர்ஜுனன் தபசு மரம் ஏறும்போது எழுப்பினால் உண்டு. விடிந்த பிறகு எவன் பாட்டில் தடுமாறினான், எவன் பீமனாகவே ஆகிவிட்டான் என்று ஒரு வாரம் பேச்சு ஓடும். நாளுக்கு ஆறு நிகழ்ச்சி என்று ஓடுகிறவனுக்கு அந்தப் பேச்சுக்கு நேரம் எங்கே இருக்கிறது? நாளுக்கு மூன்று, அதற்கு மேல் வேண்டாம். அந்த மூன்றில் ஒன்றுக்கு மட்டும் முன்பதிவு செய். மற்ற இரண்டும் அங்கே போய்.

முன்பதிவு செய்ய வேண்டியது எது என்றால், மலைமேல் மானுமென்ட் என்கிற நினைவு அரங்கத்தில் நடக்கும் பெரிய நாட்டியமும் இசையும், அப்புறம் ஜாஸ். ஜாஸ் நிகழ்ச்சிகள் டி.எஸ்.ஜி. பெண்கள் பள்ளியில். நாடு முழுவதிலிருந்தும் வரும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் பகலில் பெரிய வித்வான்களிடம் பாடம் கேட்டுவிட்டு, ராத்திரி அவர்களோடேயே வாசிப்பார்கள். உனக்கு மிருதங்கக் காது, நிச்சயம் பிடிக்கும். தங்கச்சிக்குச் சத்தம் ஆகாது என்றால் மானுமென்ட் முகப்புக் கூடத்தில் மாலை வேளைகளில் இலவசமாக நடக்கும் நிகழ்ச்சிகளில் அவரை உட்கார வை. அடுத்து எதைப் பார்க்கலாம் என்று ருசி பார்க்க நல்ல இடம்.

அந்த மானுமென்ட் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1820-இல் இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர்களின் நினைவாகக் கட்டியது. கவிஞரும் ரோட்ஸ் பேராசிரியருமான கை பட்லர் முன்நின்றவர்களில் ஒருவர், பெரிய அரங்குக்கு அவர் பெயர்தான். 1974-இல் கட்டடம் திறந்ததும் விழா பிறந்ததும் ஒன்றாகத்தான். 1994-இல் தீப்பிடித்து உள்ளே எல்லாம் எரிந்துபோய், 1996-இல் மண்டேலா வந்து திரும்பத் திறந்து வைத்தார். கீழே ஊருக்கு இருந்த பழைய பெயர் கிரஹாம்ஸ்டவுன், கோசா மக்களை 1812-இல் அந்த நிலத்தைவிட்டு விரட்டிய கர்னல் கிரஹாமின் பெயர். 1819-இல் அவர் அங்கே அமைத்த படைமுகாமைத் தாக்கித் தோற்று, ராபன் தீவில் சிறைப்பட்டு, தப்பிக்கும்போது கடலில் மூழ்கிப்போனவர் மகாண்டா. 2018-இல் ஊர் அவர் பெயருக்கு வந்தது. மலைமேல் நிற்கும்போது எனக்கு நம்மவர்களை முதலில் கொண்டுவந்த ட்ரூரோ கப்பல்தான் நினைவுக்கு வந்தது. 1820-இல் வந்தவர்களுக்கு அரங்கமும் விழாவும். மதராஸிலிருந்து 1860 நவம்பர் 16-இல் டர்பனில் இறங்கிய நம்மவர்களுக்கு, அவர்களே கூலிப் பணத்தில் கட்டிக்கொண்ட கோயில்கள். பொறாமையாக எழுதவில்லை, கோயில்களும் அரங்கங்களாகத்தான் இருந்தன. ஆனால் நாம் இளைஞர்களாக இருந்தபோது அந்த விழா நமக்கானதாகத் தோன்றவேயில்லை. இன்று அதே மேடையில் கோசாப் பிள்ளைகள் தங்கள் கதையைப் போடுகிறார்கள், ஹால் நிறைகிறது. பார்க்கத் திருப்தியாக இருந்தது.

இடைவெளி நேரத்துக்கு இரண்டு இடம் குறித்துக்கொள். ஒன்று, ரோட்ஸ் வளாகத்தில் உள்ள ஆப்பிரிக்க இசை நூலகம். ஹியூ டிரேசி 1954-இல் ஆரம்பித்தது. கண்டம் முழுக்க அலைந்து அவர் பதிவு செய்த பாட்டுகளும் வாத்தியங்களும் அங்கே இருக்கின்றன. வாரநாளில் போ. இன்னொன்று, பாதர்ஸ்ட் தெருவில் அப்சர்வேட்டரி மியூசியம். மாடிக் கோபுரத்தின் இருட்டு அறைக்குள் கண்ணாடியும் லென்ஸும் வழியாக வெளியே நடக்கும் ஊர் அப்படியே ஒரு வட்ட மேஜையில் விழும். கழுதை நடப்பது வரை தெரியும். திறந்திருக்கிறதா என்று மட்டும் விசாரித்துவிட்டுப் போ.

ஒன்று மனதை உறுத்தும், இப்போதே சொல்லிவிடுகிறேன். ஹை ஸ்ட்ரீட்டில் முகத்தில் வெள்ளைச் சாயம் பூசிக்கொண்டு சின்னப் பையன்கள் சிலை மாதிரி நிற்பார்கள், காசு போட்டால் அசைவார்கள். குளிரில், செருப்புகூட இல்லாமல். காசு போடுவதா வேண்டாமா என்று ஊர்க்காரர்களே இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் தீர்ப்பு இல்லை. ஊரின் மறுபக்கம், கறுப்பின மக்களின் குடியிருப்பான ஜோசாவில் நடக்கும் நிகழ்ச்சி ஏதாவது பட்டியலில் இருந்தால் அதற்கும் ஒரு டிக்கெட் வாங்கு. வெள்ளைச் சுவர்ப் பள்ளிக்கூடங்களை மட்டும் பார்த்துவிட்டு ஊரைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

சாப்பாடு வில்லேஜ் கிரீன் சந்தையில். வெட்கூக் (எண்ணெயில் பொரித்த ரொட்டி), சூப் எல்லாம் நன்றாக இருக்கும். 'டர்பன் கறி' என்று பலகை தொங்கிய கடைப் பக்கம் ஆசையாகப் போனேன், மஞ்சள் தண்ணீர். அச்சார் பாட்டில் ஒன்று பையில் இருக்கட்டும். குளிர் லேசுப்பட்டதல்ல. ராத்திரி டிகிரி ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடும், ஹால்களில் கணப்பு இருக்காது. தங்கச்சிக்குக் கம்பளிச் சால்வையும் மடியில் போட ஒரு போர்வையும் அவசியம். ஊரில் பல வருஷமாகத் தண்ணீர் தகராறு. தங்குமிடத்தில் தண்ணீர்த் தொட்டி உண்டா என்று கேட்டபின் பணம் கட்டு. நிகழ்ச்சிக்குத் தாமதமாகப் போனால் கதவைத் திறக்க மாட்டார்கள், உன் பழக்கம் எனக்குத் தெரியும்.

ஜோபர்கிலிருந்து க்கெபேஹாவுக்கு விமானம், அதாவது பழைய போர்ட் எலிசபெத். அங்கிருந்து 130 கிலோமீட்டர் போல காரில். நாங்கள் டர்பனிலிருந்து கோக்ஸ்டட், உம்டாட்டா வழியாக எண்-2 சாலையிலேயே வருவோம். 800 கிலோமீட்டருக்கு மேல். ராத்திரியில் ஓட்டுவதில்லை, சாலையில் மாடு படுத்திருக்கும். வழியில் ஒருநாள் தங்கி ரொட்டி-உருளைக்கிழங்கைத் தின்று தீர்த்துவிட்டு மறுநாள் வந்து சேர்வோம். இவளும் சம்மதித்துவிட்டாள்.

ரோட்ஸ் விடுதி அறைகளில் ஒற்றைக் கட்டில்தான், அதை வீட்டில் சொல்லி வை. நல்ல அறைகள் சீக்கிரம் போய்விடும். நாலு பேருக்குமாகச் சேர்த்து நானே பதிவு செய்கிறேன். விழாவின் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை உனக்குச் சரிப்படுமா என்று ஈஸ்டருக்குள் எழுது. ஜாஸ் டிக்கெட் வாங்குவது உன் பொறுப்பு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்