மூணு முடிஞ்சா கை நிக்கணும்

குறுக்குத்துறை,
திருநெல்வேலி.
ஐப்பசி 8, 2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகம். தீபாவளிக்கு நீ அனுப்பிய பணம் வந்தது. அப்பா அதில் ஒரு மிக்ஸி ஜார் மட்டும் வாங்கிவிட்டு, மீதியை யாரும் தொடக்கூடாது என்று தபால் ஆபீசில் போட்டுவிட்டார். மழை விட்டு விட்டுப் பெய்கிறது.

இதையெல்லாம் போனில் பேசினால் சரிப்படாது. நீ நடுவிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடுதாசி.

கண்ணேறுக்குப் பார்வை பார்த்த நம் ஆச்சி ஏன் மூணு, ஏழு, இருபத்தொண்ணு என்றே எண்ணுவார்கள், திருநீறும் கயிறும் வைத்திருந்த ஓலைப்பெட்டியில் எந்த மாதம் எதை மாற்றுவார்கள் என்று போன வாரம் கேட்டாய். அப்போதுதான் உன் அலமாரியின் மேல்தட்டையும் காட்டினாய். மெழுகுவத்தி, உப்புக் கிண்ணம், காய்ந்த இலை, ஆற்றில் பொறுக்கிய கல். பின்னால் நின்று பார்த்த அப்பா, "இவ நர்ஸ் வேலைக்குப் போயிருக்காளா, மந்திரவாதம் படிக்கப் போயிருக்காளா?" என்று கேட்டுவிட்டு, ரெண்டு நாள் செல்போனும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். சூனியம் தெரியும் என்று சொல்லிக்கொள்கிறவர்களைத் தண்டிக்க இங்கிலாந்தில் இருந்த பழைய சட்டத்தை 1951-இல்தான் எடுத்தார்களாம். அதற்கப்புறம்தான் நீ சொல்கிற இந்த விக்கா வழிபாட்டைப் பரப்பிய ஜெரால்டு கார்டனர் என்கிறவர் வெளிப்படையாகப் புத்தகம் எழுதினாராம். அந்த மனுஷன் இளவயதில் சிலோன் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர் என்று தெரிந்ததும் அப்பாவுக்கு ஒரே குஷி. "நம்ம ஊர்க் கங்காணி எவன்கிட்டயாவது துன்னூறு வாங்கியிருப்பான்" என்கிறார். நீங்கள் வருஷத்தில் கொண்டாடுகிற எட்டுப் பண்டிகை நாளையும் ஒரே வரிசையாகக் கோத்தது 1950-களில்தான் என்று ஒரு இளக்காரம் வேறு. நான் விடவில்லை. 2018 அக்டோபரில் தாமிரபரணியில் மகா புஷ்கரம் நடந்தபோது 144 வருஷத்துக்கு ஒருமுறை வருவது என்று சொல்லி இதே அப்பாதான் மூன்று நாள் முங்கினார். போன தடவை முங்கினவர் யாரையாவது காட்டுங்கள் என்றேன். பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

எனக்கு அந்த எட்டுதான் இடித்தது. இங்கே எட்டு என்றாலே சனி என்று வண்டி நம்பரைக்கூட மாற்றுகிறார்கள். அதைவிட, நீ "சாவின்" என்று சொன்னதும் தூக்கிவாரிப் போட்டது. யாருக்கு என்னாச்சு என்று பதறினால், அக்டோபர் 31-ஆம் தேதி வருகிற பண்டிகையின் பெயர் என்கிறாய். செத்தவர்களை நினைத்து விளக்கு வைக்கிற நாள் என்றும் நீயே சொல்கிறாய். அப்புறம் நான் பதறியதில் என்ன தப்பு? நமக்கு அது ஆடி, புரட்டாசி, தை என்று மூன்று அமாவாசை. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலில் குடில் போட்டு நாள்கணக்காகக் கிடக்கிற கூட்டத்தை நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய்.

இப்போது நீ கேட்ட எண்ணுக்கு வருகிறேன்.

ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கணக்கெல்லாம் விரல் கணுவில்தான். வலது கையில் பெருவிரலை விட்டால் நாலு விரல், விரலுக்கு மூணு கணு, ஆக 12. பெருவிரல் நுனி ஒவ்வொரு கணுவாகத் தொட்டுக்கொண்டே போகும். ஒரு சுற்று முடிந்ததும் இடது கையில் ஒரு கணு தள்ளுவார்கள். இடது கையில் மூணு விரல் நிரம்பினால் 9 சுற்று. 108 முடிந்தது. உதடு மந்திரத்தைச் சொல்லும், கண் குழந்தை மேல் இருக்கும், எண்ணுவது பெருவிரலின் வேலை. பக்கத்தில் இருந்து பார்த்தால் முறுக்கு சுற்றுகிற மாதிரி இருக்கும்.

27 நட்சத்திரத்துக்கு நாலு பாதம் வீதம் 108, அதே 27-உம் 12 ராசியும் 9 கிரகமும் கூட்டினால் 48, அதுதான் ஒரு மண்டலம் என்று அப்பா சொல்வார். இருக்கட்டும். எனக்குத் தெரிந்தது ஆச்சியின் கைதான். அந்தக் கையில் 48 என்பது நாலு சுற்று. 12-உம் 9-உம் சேர்ந்தால் 21, அதாவது வலது கை முழுக்க ஒருதரம், இடது கையில் மூணு விரல். இது நானாகக் கண்டுபிடித்தது. சாஸ்தா கோவிலில் கூட இருக்கிற சாமிகளை 21 பந்தி, 61 சேனை என்கிறார்களே, அதுவும் இப்படி வந்ததா என்று ஒருதரம் கேட்டேன். "போட்டீ, போக்கத்தவளே" என்று எழுந்து போய்விட்டார்கள்.

களத்தில் நெல் அளக்கிறவர் முதல் மரக்காலை "ஒண்ணு" என்று சொல்லமாட்டார். "லாபம்" என்பார், அப்புறம் "ரெண்டு". மொய் எழுதினால் 101, 501. உறவு முடிந்துவிடாமல் அந்த ஒன்று தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். அது எல்லாம் தொடருவதற்கான எண். பார்வை பார்க்கிற எண் வேறு. அது முடிப்பதற்கு. எனக்கே அது புரிந்தது உன்னால்தான்.

உனக்கு நாலு வயது. மூன்று நாளாக விடாத காய்ச்சல். ராத்திரி பத்து மணி இருக்கும். அப்பா வெளியூரில். நான் ஏழு வரமிளகாய், ஒரு கை கல் உப்பு, கடுகு, முச்சந்தி மண் எல்லாம் எடுத்து உன்னைச் சுற்றிச் சுற்றி அடுப்பில் போடுகிறேன். நெடி வரவில்லை. மறுபடி எடுத்துச் சுற்றுகிறேன். மறுபடி. எத்தனை தடவை என்று எனக்கே தெரியாது. பின்னால் வந்த ஆச்சி என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். பிடித்த பிடியில் மிளகாய் கீழே சிதறிவிட்டது. "மூணு முடிஞ்சுதுல்லா? முடிஞ்சா கை நிக்கணும்ட்டி. பயந்தவ கை நிக்காது, அதுக்குத்தான் எண்ணிக்கை. பிள்ளைய எடு, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு." ஆட்டோவில் ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் ஆச்சி உன் தலைமாட்டில் வேப்பிலையைப் பிடித்துக்கொண்டே வந்தார்கள். டைபாய்டு என்றார்கள். பத்து நாள் படுக்கை.

இதை ஏன் நீட்டி எழுதுகிறேன் என்றால், நாற்பது நாளாக ராத்திரி ராத்திரி வாசலில் உப்புக் கோடு போடுகிறேன் என்று நீ சொன்னாய். போட்டுவிட்டுப் படுத்தால் சரியாகப் போட்டோமா என்று எழுந்து பார்ப்பதாகவும், சில நாள் ரெண்டு மணிக்கு மறுபடி போடுவதாகவும் சொல்லிவிட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டை விட்டு மாப்பிள்ளை போனதிலிருந்து உனக்குத் தூக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும். உப்பைக் குறை சொல்லவில்லை. எண்ணிப் போடு. செவ்வாய், வெள்ளி, அதுவும் மூன்று வாரம். நாலாவது வாரம் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வை. தூக்கம் வராவிட்டால் டாக்டரிடம் போ. நர்ஸாக இருக்கிற உனக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மிளகாயை மட்டும் இனிமேல் அங்கே சுடாதே. மூணு மிளகாயைச் சுட்டு, புகை மணி அடித்து, மாடி மாடியாக எல்லாரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பனியில் இறங்கி நின்ற கதையை அப்பா இந்தத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். உப்பைத் தலையைச் சுற்றித் தண்ணீரில் கரைத்துவிட்டால் போதும். அதுவும் ஆச்சி செய்ததுதான்.

அடுத்தது பெட்டி. அந்த ஓலைப்பெட்டிக்கு வருஷம் மாசியில்தான் பிறக்கும். பிசான நெல்லை அறுத்துப் பதர் கிடைக்கிற சமயம். காயவைத்த சாண உருண்டைகளைப் பதருக்குள் புதைத்து, சிவராத்திரி அன்று நெருப்பு வைத்தால் உள்ளுக்குள்ளேயே கனிந்துகொண்டிருக்கும். ஆறியதும் வெந்து வெளுத்த உருண்டையை மட்டும் பொறுக்கி, சட்டி வாயில் பழைய வேட்டித் துணியைக் கட்டி வஸ்திரகாயம் பண்ணுவார்கள், அதாவது துணியில் சலிப்பார்கள். கருத்தது ஒன்று சேர்ந்தாலும் திருநீறு நறநறவென்று இருக்கும். சித்திரையில் வேப்பம்பூ உதிரும், அதை நிழலில் உலர்த்துவது. ஆனி ஆடியில் சாரல் காற்று அடிக்கும்போது எல்லாவற்றையும் முற்றத்தில் சொளகில் பரப்பி, கயிறுகளின் முறுக்கைப் பார்த்து, இற்றதை ஆற்றில் விடுவது. வசம்பை வருஷம் ஒருதரம் புதிதாக வாங்கிப் போடுவார்கள். ராத்திரியில் அதன் பேரைச் சொல்லமாட்டார்கள், பிள்ளை வளர்ப்பான் என்றுதான் சொல்ல வேண்டும். அது இருக்கிற பெட்டியில் பூச்சி அண்டாது. மந்திரத்தில் பாதி இதுதான் என்று எனக்குத் தோன்றும். புரட்டாசி முடிவதற்குள் பெட்டி பரணுக்கு ஏறிவிட வேண்டும். மார்கழியில் எதையும் புதிதாகத் தொடங்கக்கூடாது.

அந்தப் பரண்தான் என் தப்பு. 2023-இல் இடுப்பு வலி என்று பெட்டியை ஏற்றாமல் கட்டிலுக்கு அடியிலேயே விட்டுவிட்டேன். டிசம்பர் 17 கொட்டிய கொட்டு உனக்குத் தெரியும். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் என்று பிறகு பேப்பரில் பார்த்தோம். மறுநாள் ஆறு நம் தெருவுக்குள் வந்தது. குறுக்குத்துறை முருகன் கோவில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிற கோவில். வெள்ளம் வரப்போகிறது என்றால் உற்சவரை மேலக்கோவிலுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். காலங்காலமாக நடக்கிற காரியம். அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வளர்ந்த தெருவில் இருந்துகொண்டு, நான் ஒரு பெட்டியைத் தூக்கி வைக்கவில்லை. தண்ணீர் வடிந்து திறந்தால் திருநீறு களியாகிவிட்டது. படிகாரம் கரைந்துபோய் ஒரு சில்லு மிச்சம். வசம்பு ஊறி நாறியது. ஆச்சி கையால் முறுக்கிய கருப்புக் கயிறு ஒன்று அடியில் கிடந்தது. சேற்றை அலசிவிட்டுப் பார்த்தேன், ஒன்பது முடிச்சும் அப்படியே இருந்தது. அதைத்தான் இத்துடன் வைத்திருக்கிறேன். அவிழ்க்காதே, கட்டிக்கொள்ளவும் வேண்டாம், உன் தட்டில் இருக்கட்டும்.

மற்றதை அனுப்பமாட்டேன். வேப்பிலை அனுப்பு, பதர்த் திருநீறு அனுப்பு என்று கேட்காதே. லீட்ஸில் மார்கழி மாதம் நாலு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடுகிறது என்கிறாய். அங்கே ஆடிக் காற்றும் கிடையாது, ஐப்பசி அடைமழையும் கிடையாது. எண்ணை இங்கிருந்து எடுத்துக்கொள், மாதத்தை அந்த ஊரிடம் கேள். உன் பஸ் ஸ்டாப் பக்கத்தில் சிவப்பாகக் காய்க்கிற ரோவன் மரத்தின் குச்சியை அந்த ஊர்க் கிழவிகள் சிவப்பு நூலில் கட்டி வாசலில் வைப்பார்கள் என்றாயே, அதுதான் உனக்கு வேம்பு. அதை எப்போது ஒடிப்பது, எப்போது மாற்றுவது என்று நீதான் பார்த்து வைக்க வேண்டும்.

உன் சிநேகிதிகள் ஏழு பேர் கூடுவதைப் பற்றி அப்பா முகத்தைச் சுளித்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்த வீட்டிலேயே செவ்வாய்க்கிழமை ராத்திரி அவரையும் உன் தம்பியையும் பெரியம்மை வீட்டுக்கு விரட்டிவிட்டு, உப்பில்லாத கொழுக்கட்டை அவித்து, ஔவை நோன்பு கும்பிட்டு, விடிவதற்குள் எங்களுக்குள்ளேயே தின்று முடித்திருக்கிறோம். எந்த மாதம் கும்பிடுவது என்பதற்கு, "தப்பினா தை, மறந்தா மாசி, அசந்தா ஆடி" என்பார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அங்கே என்ன கதை சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

மந்திரத்தைக் கேட்டாய். அதைக் கடுதாசியில் எழுதக்கூடாது, காதில் சொல்வதுதான். காசு வாங்கக்கூடாது, வெற்றிலை பாக்கோடு சரி. கிரகணத்துக்குக் கிரகணம் 108 உரு ஏற்றாவிட்டால் தேய்ந்துவிடும் என்பது ஆச்சி சொல். செப்டம்பர் 7 ராத்திரி பதினொரு மணிக்கு மேல் நிலா முழுக்கச் சிவந்தபோது நான் ஈரச் சேலையோடு மொட்டைமாடியில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். அதே நேரம் உனக்கு அங்கே பொழுதடைந்து, நிலா சிவப்பாகவே எழும்பியது என்று மறுநாள் படம் அனுப்பினாய். நான் இங்கே எட்டாவது சுற்றில் இருந்திருப்பேன்.

அடுத்தது மார்ச் 3. உங்களுக்கு அது பகல், கண்ணுக்குத் தெரியாது. இங்கேயும் நிலா எழும்பும்போது கிரகணத்தின் வால்தான் மிச்சம் இருக்கும், இருபது நிமிஷம் இருந்தால் அதிகம். சாயங்காலம் ஆறரைக்கு நான் கூப்பிடுவேன். உனக்கு மத்தியானம் ஒரு மணி. வார்டை விட்டு வெளியே வந்து நின்றுகொள். ஒருதரம்தான் சொல்வேன். காகிதம், பேனா எடுக்காதே.

இப்படிக்கு
அம்மா

பி.கு. கயிற்றோடு ஒரு துண்டு வசம்பும் வைத்திருக்கிறேன். அதை உன் கம்பளித் துணிக்குள் போடு, பூச்சிக்கு.