சோற்றுப் பானையைப் பற்றிப் பேச ஒரு வெள்ளிக்கிழமை ஒதுக்குங்கள்

பினாங்கு மாநில ஆலய நிர்வாகக் குழுக்களுக்கும் தமிழ் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

வீடுகளிலும் விசேஷங்களிலும் உணவு வீணாவதைப் பற்றிய இந்த மடலை அரசாங்கத்துக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. அரிசி விலையை நிர்ணயிப்பதும் முட்டை இறக்குமதிக்கு அனுமதி தருவதும் புத்ராஜெயாவில் இருக்கும் மத்திய அரசின் வேலை. ஆனால் ஒரு வீட்டில் எத்தனை டின் அரிசி உலையில் போடுவது, மிஞ்சியதை என்ன செய்வது என்று எந்த அமைச்சும் வீடு வீடாக வந்து சொல்ல முடியாது. நீங்கள் சொன்னால் மக்கள் கேட்பார்கள். வெள்ளிக்கிழமை மாலை பூஜை முடிந்ததும் ஐந்து நிமிடம் ஒலிபெருக்கியில் பேசினால், ஒரு வட்டாரத்தின் பாதி அடுக்களைகளுக்கு அந்தப் பேச்சு போய்ச் சேர்ந்துவிடும்.

கடந்த சில ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். 2022 ஜூன் 1ஆம் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியையே நிறுத்தியது. அந்த ஆண்டுக் கடைசியில் முட்டைக்குத் தட்டுப்பாடு. நாமக்கல் முட்டை இங்கே வந்து இறங்க வேண்டியதாயிற்று. 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு இந்தியா தடை போட்டது. அடுத்த மாதமே புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி. செப்டம்பர் 1ஆம் தேதி, அரிசி இறக்குமதி செய்யும் பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டுக்கு ஏற்றியது. டிசம்பரில் வெங்காயம். 2024 கடைசியிலும் 2025 தொடக்கத்திலும் தேங்காய். அடுத்து எது என்று யாராலும் சொல்ல முடியாது. நம் நாட்டு அரிசித் தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளியிலிருந்துதான் வருகிறது. வேறொரு நாட்டில் மழை பொய்த்தாலோ, அங்கே தேர்தல் நெருங்கினாலோ, அது நம் வீட்டுச் சோற்றுப் பானை வரை வந்துவிடுகிறது.

இவற்றில் அரிசிதான் எனக்கு நிறையச் சொல்லிக் கொடுத்தது. 2023இல் உள்நாட்டு வெள்ளை அரிசிக்கு அரசு விலைக் கட்டுப்பாடு இருந்தது; கிலோ 2 ரிங்கிட் 60 காசு, பத்துக் கிலோ மூட்டை 26 ரிங்கிட். இறக்குமதி அரிசி எகிறியதும் எல்லோரும் உள்நாட்டு அரிசிக்குத் திரும்பினார்கள். கார் வைத்திருப்பவர்கள் மூன்று நான்கு மூட்டை ஏற்றிக்கொண்டு போனார்கள். அதை நான் குற்றம் சொல்லவில்லை, பயத்தில் செய்வதுதான் அது. ஆனால் அன்றாடக் கூலி வாங்கி ஐந்து கிலோ பொட்டலமாக 13 ரிங்கிட்டுக்கு அரிசி வாங்குகிற குடும்பம் சாயங்காலம் கடைக்குப் போனபோது அங்கே அலமாரி காலி. அவர்கள் விலை கூடிய இறக்குமதி அரிசியை வாங்கினார்கள், இல்லாவிட்டால் அன்றைக்கு மீ (நூடல்ஸ்) சமைத்துச் சமாளித்தார்கள். வாங்கிக் குவித்த வீடுகளில் என்ன நடந்தது? பினாங்கின் ஈரக்காற்றில் இரண்டு மாதத்தில் மூட்டையில் வண்டு விழுந்தது. வண்டு விழாத வீட்டிலும் தினமும் ஒரு கைப்பிடிச் சோறு குப்பைக்குப் போனது.

நான் சொல்ல வருவது இதுதான். தட்டுப்பாட்டுக் காலத்தில் ஒரு வீடு வீணாக்கும் சோறு, இன்னொரு வீட்டுக்குக் கிடைக்காமல் போன அரிசி. சிக்கனம் என்று சொன்னால் அவரவர் காசு, அவரவர் விருப்பம் என்று ஆகிவிடும். எனவே அக்கம்பக்கத்தாருக்கு நாம் செய்ய வேண்டிய நியாயம் என்று இதைப் பேசுங்கள். இந்தப் பேச்சுக்கு கோயிலை விடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. சோறு போடுவதைப் புண்ணியம் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்த இடம் அது.

கணக்கு எளிது. ஒரு வீட்டில் நாளொன்றுக்கு நூறு கிராம் அரிசி அளவுக்குச் சோறு கொட்டப்பட்டால் ஆண்டுக்கு 36 கிலோவுக்கு மேல். மூன்றரை மூட்டை. நாடு முழுவதும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 17,000 டன் உணவுக் கழிவு சேர்கிறது என்றும், அதில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 4,000 டன் அளவுக்கு, இன்னும் சாப்பிடக்கூடிய நிலையில் இருக்கிறது என்றும் திடக்கழிவு நிர்வாகக் கழகம் சொல்லி வந்திருக்கிறது. நோன்பு மாதத்திலும் பண்டிகைகளிலும் இது இன்னும் கூடும். பெரிய எண்கள் மனத்தில் நிற்பதில்லை. மூன்றரை மூட்டை நிற்கும். அதைச் சொல்லுங்கள்.

அப்புறம், வீட்டுக்குள் என்ன செய்யலாம் என்பதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். நம் பெண்கள் பலர் இன்னமும் பால் டின்னால்தான் அரிசி அளக்கிறார்கள். ஒரு டின் அரிசி மூன்று பேருக்கு ஒரு நேரத்துக்குத் தாராளம். ஆனால் "யாராவது வந்தால்?" என்று ஒரு டின் கூடுதலாகப் போடுவது நம் வழக்கம். அந்தக் காலத்தில் சொல்லாமல் கொள்ளாமல் யாராவது வந்தார்கள். இப்போது கைப்பேசியில் கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். வந்தாலும் அரை மணி நேரத்தில் இன்னொரு உலை வைத்துவிடலாம்.

மிஞ்சிய சோறு விஷயத்தில் கவனம் தேவை. அரிசியில் இருக்கும் ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் கிடந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும்; மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ரைஸ் குக்கரை அணைத்துவிட்டு விடியும் வரை சோற்றை அதிலேயே விட்டு வைப்பதுதான் கெடுதல். அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால் மறுநாள் எலுமிச்சைச் சோறோ தயிர்ச்சோறோ, பிள்ளைகளுக்கு நாசி கோரெங்கோ ஆகிவிடும். வறுத்த சோற்றுக்கு முந்திய நாள் சோறுதான் உதிரியாக வரும் என்பது சமைப்பவர்களுக்குத் தெரியும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேங்காய்ப் பால் மிஞ்சினால் ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைக்கலாம். கீரையையும் கொத்தமல்லியையும் கழுவாமல் தாளில் சுற்றி வைத்து, சமைக்கும்போது கழுவினால் பல நாள் தாங்கும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போட்டால் இரண்டும் சீக்கிரம் கெடும். அரிசியை இறுக்கமாக மூடும் வாளியில் கொட்டி, ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கினால் போதும். டின்களிலும் பொட்டலங்களிலும் 'பாயிக் செபெலும்' என்று போட்டிருக்கும் தேதி, அதுவரை சுவையும் தரமும் நன்றாக இருக்கும் என்பதைத்தான் காட்டுகிறது. தேதி முடிந்த மறுநாளே பிஸ்கட்டைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. 'தாரிக் லுபுட்', அதாவது காலாவதித் தேதி, என்று இருந்தால் அந்தத் தேதியை மீறக் கூடாது. இரண்டையும் ஒன்றாக நினைத்து நல்ல உணவைக் கொட்டுகிற வீடுகள் நிறைய.

இதையெல்லாம் மகளிர் பிரிவின் தலையில் மட்டும் கட்டிவிடாதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். பசாருக்குப் போய் மலிவாக இருக்கிறதென்று நான்கு கட்டுக் கீரை வாங்கி வருவது பல வீடுகளில் ஆண்கள்தாம். "நேற்றுக் குழம்பா? வேண்டாம்" என்று தட்டைத் தள்ளுவதும் பெரும்பாலும் நாம்தாம். வீட்டுக்காரர் வெளியே தாப்பாவ் (பொட்டலச் சாப்பாடு) வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வருகிறார், அதை முன்கூட்டிச் சொல்வதில்லை; அவருக்கு எடுத்து வைத்த சோறு இரவு பத்து மணிக்குக் குப்பைத்தொட்டிக்குப் போகிறது. மதியமே ஒரு வார்த்தை போனில் சொன்னால் ஓர் ஆள் சோறு வீணாகாமல் தப்பும். ஆண்கள் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் இதைப் பேசுங்கள்.

இனி விசேஷங்கள். நாம் அதிகம் வீணாக்குவது இங்கேதான், பேசத் தயங்குவதும் இங்கேதான். பிறந்தநாள், புதுமனை, பதினாறாம் நாள், தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு, எதுவானாலும் நமக்கு ஒரே பயம்: பத்தாமல் போனால் மானம் போய்விடும். இருநூறு பேர் வருவார்கள் என்று தெரிந்தும் முந்நூறு பேருக்குச் சொல்கிறோம். சமையல்காரர் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் சேர்க்கிறார். சாதம், பிரியாணி, இடியப்பம், மூன்று வகைக் கறி, இரண்டு பாயசம். ஆள் ஒருவர் சாப்பிடும் வயிறு ஒன்றுதான். வகை கூடக் கூட ஒவ்வொன்றிலும் மிச்சம் கூடுகிறது. கடைசியில் பெரிய கறுப்புப் பையில் பிரியாணியை வழித்துப் போடும்போது வீட்டுப் பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இந்த மானப் பிரச்சினையை ஒரு குடும்பம் தனியாகத் தீர்க்க முடியாது. முதலில் குறைக்கிறவருக்குக் கஞ்சன் என்று பெயர் வரும். ஆனால் கோயில் மண்டபத்தை வாடகைக்கு விடும்போதே நிர்வாகக் குழு ஒரு தாளைக் கையில் கொடுத்து, வகைகளைக் குறையுங்கள், உறுதி சொன்னவர்களின் எண்ணிக்கைக்கு மட்டும் சமையுங்கள், மிஞ்சியதைப் பகிர இந்த ஏற்பாட்டைப் பயன்படுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டால், அது மண்டபத்தின் முறையாகிவிடும். அப்புறம் யாரையும் யாரும் குறை சொல்ல முடியாது. இதை உங்களால் மட்டும்தான் செய்ய முடியும்.

பகிர்வதில் உங்களுக்கு ஓர் அச்சம் இருப்பது தெரியும். மிஞ்சிய உணவைக் கொடுத்து யாருக்காவது வயிறு கெட்டுப்போனால் வழக்கு வருமோ என்கிற அச்சம். அதற்காகவே 2020இல் உணவு நன்கொடையாளர் பாதுகாப்புச் சட்டம், சட்டம் 826, வந்திருக்கிறது. நல்லெண்ணத்தோடு, கொடுக்கும்போது உண்ணத்தக்க நிலையில், சுகாதாரமாகக் கையாண்டு கொடுத்தவர்களுக்கு உரிமையியல் வழக்கிலிருந்து அது பாதுகாப்பு தருகிறது. ஆகவே முறையாகச் செய்தால் போதும். பந்தியில் பரிமாறித் தொட்ட உணவைக் கலக்காமல், அடுப்படியில் பாத்திரத்தில் தொடாமல் இருப்பதை மட்டும், சூடு ஆறிக் கெடுவதற்குள் பொட்டலமாக்கிக் கொடுத்துவிட வேண்டும். தேங்காய்ப்பால் கறிகளை முதலில் அனுப்பிவிடுங்கள். அவை சீக்கிரம் புளிக்கும். மண்டபத்தில் ஒரு நல்ல குளிர்பெட்டியும் நான்கு இளைஞர்களும் இருந்தால் இது நடக்கும்.

தேங்காயைப் பற்றியும் சொல்லாமல் விட முடியவில்லை. தைப்பூசத்துக்கு நம் தெருக்களில் தேங்காய் மலையாகக் குவிவது பினாங்குக்கே உரிய காட்சி. அந்தப் பக்தியை நான் மதிக்கிறேன். ஆனால் தேங்காய் கிடைக்காமல் குழம்பைத் தண்ணீராக வைத்த வீடுகள் இருந்த ஆண்டிலும் அதே எண்ணிக்கையில் உடைக்கத்தான் வேண்டுமா? உடைப்பதைக் குறைக்கச் சொல்லிப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது. ஒரு வேண்டுதலுக்கு ஒரு தேங்காய் என்று ஆலயங்கள் சொன்னால் பக்தர்கள் ஏற்றுக்கொள்வார்கள் என்றே நம்புகிறேன்.

நாம் கொட்டுவது எங்கே போகிறது என்பதையும் மக்களுக்குச் சொல்லுங்கள். குப்பையைப் பிரித்துப் போட வேண்டும் என்ற விதி பினாங்கில் 2016 ஜூன் முதல் இருக்கிறது. தாளையும் டின்னையும் பிரிக்கிறோம். சோறும் குழம்பும் கலந்த ஈரக் குப்பை பெரும்பாலும் நிபோங் திபால் பக்கம் இருக்கும் புலாவ் பூரோங் குப்பைமேட்டுக்குத்தான் போகிறது. மண்ணுக்குள் புதைந்து காற்றில்லாமல் அழுகும் உணவிலிருந்து மீத்தேன் வாயு வருகிறது. 2022 ஜனவரியில் அந்த மேடு தீப்பிடித்துப் புகைந்தபோது அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் மூச்சுத் திணறினார்கள். தோலும் காம்பும் முட்டை ஓடும் வீட்டிலேயே உரமாகலாம். அதைக் கற்றுக்கொடுக்கப் பயனீட்டாளர் சங்கத்தாரைக் கூப்பிடலாம்.

கூப்பிட வேண்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியர் வந்தபின் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி அருகிப்போய், மூன்றரை ஆண்டு மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தவர்களிடம் வளர்ந்த பாட்டிகள் நம் கோயில்களுக்கு வருகிறார்கள். வடித்த கஞ்சியை என்ன செய்வது, மிஞ்சிய சோற்றை வெயிலில் வடகமாகப் போடுவது எப்படி, பூசணித் தோலில் துவையல் அரைப்பது எப்படி என்று அவர்களுக்குத் தெரியும். யாரும் கேட்காததால் சொல்லாமல் இருக்கிறார்கள். மைக்கை அவர்கள் கையில் கொடுங்கள். இளம் தம்பதிகள் முன்வரிசையில் உட்காரட்டும்.

தீபாவளிக்கு மண்டபங்களை முன்பதிவு செய்யத் தொடங்குவதற்கு முன்பே உங்கள் அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மண்டபத்துக்கான அந்தத் தாளை எழுதவும் பொட்டலம் கட்டும் குழுவில் நிற்கவும் நான் வருகிறேன். என்னைப்போல் வரத் தயாராக இருப்பவர்கள் என் அடுக்குமாடியிலேயே பலர் இருக்கிறார்கள்.

அன்புடன்,
ஆயர் ஈத்தாம் குடியிருப்பாளர் ஒருவர்