கப் நுழைந்தால் மட்டும் போதாது

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. முட்டிவலி எனக்கும்தான். இந்த லட்சணத்தில் நீயும் ஒரு பழைய காரை வாங்கி அதன் அடியில் படுத்துக் கிடக்கிறாய் என்று படித்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை. வீட்டில் திட்டு விழுவதில் நியாயம் இருக்கிறது.

கிளட்சை விடும்போது அடியில் ‘டொக்’ என்கிறது, கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றப் போகிறேன், அதன் முனையில் வளைந்து கொடுக்கும் மூட்டான யூ-ஜாயிண்டுக்குச் சொல்லியாயிற்று என்று எழுதியிருக்கிறாய். அளந்தாயா? அளந்திருக்க மாட்டாய், உன்னைத் தெரியாதா எனக்கு. போன வருடம் நானும் அளக்கவில்லை.

கார் பெயரையும் வருடத்தையும் சொல்லி வாங்கி வந்தேன். ஜாயிண்டின் கால் நுனியில் மாட்டும் மூடியான புதுக் கப்பை யோக்கின், அதாவது ஷாஃப்ட் முனைக் கவட்டையின், துளையில் வைத்துப் பார்த்தேன், கச்சிதம். கிராஸை, நடுவில் இருக்கும் அந்தச் சிலுவைத் துண்டை, உள்ளே கொடுத்து ஒரு பக்கம் லாக் வளையத்தைப் போட்டால், எதிர்ப்பக்கக் கப் ஒரு சென்டிமீட்டர் வெளியே நிற்கிறது. சுத்தியலை ஓங்கிய பிறகுதான் வெர்னியர் அளவுகோல் ஞாபகம் வந்தது. ஸ்பைசர் யூ-ஜாயிண்டுகளில் 1310, 1330 என்ற இரண்டு வகைக்கும் கப்பின் விட்டம் ஒன்றுதான், 27 மி.மீ. ஆனால் ஒரு கப்பின் முதுகிலிருந்து எதிர்க் கப்பின் முதுகு வரை முன்னதற்கு ஏறக்குறைய 82 மி.மீ., பின்னதற்கு 92. 1350-ல் கதை தலைகீழ்: நீளம் 1330 மாதிரியே, கப் மட்டும் 30 மி.மீ. ஒரு அளவை மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஏமாற்றும். லாக் கப்பின் முதுகில் உட்காருகிறதா, யோக்கின் உட்புறமாகக் கப்பின் பள்ளத்தில் உட்காருகிறதா என்றும் பார். உட்புற லாக் வகைக்கு அளக்க வேண்டிய இடமே வேறு. இத்தனை வருடத்தில் யார் கியர்பாக்ஸை மாற்றினார்களோ, யார் பின் அச்சின் டிஃபரென்ஷியலை மாற்றினார்களோ. முன் ஜாயிண்டை அளந்துவிட்டுப் பின்னதும் அதேதான் என்று முடிவு கட்டாதே.

சரியானது வந்த பிறகும் ஒரு மாலை முழுக்கப் போனது. மூன்று கப் ஒழுங்காக ஏறின. நாலாவதில் லாக் பள்ளத்தில் உட்கார மறுத்தது, மயிரிழைதான் பாக்கி. வைஸை இன்னும் இறுக்கியிருந்தால் கதை முடிந்திருக்கும். கழற்றிப் பார்த்தால், கப்புக்குள் வரிசையாக நிற்கும் பேரிங் ஊசிகளில் ஒன்று சரிந்து அடியில் படுத்திருக்கிறது. சுவரோடு நிற்க வேண்டிய நீடில் அது. கிரீஸைத் தடவி ஒவ்வொன்றாக நிறுத்தி, கிராஸின் காலை முதலில் கப்புக்குள் பாதி விட்டு, அப்புறம் அழுத்தினேன். ‘டிக்’ என்று லாக் விழுந்த சத்தம் இருக்கிறதே! பிறகு யோக்கின் காதில் செம்புச் சுத்தியலால் லேசாக ஒரு தட்டு. இறுக்கம் விட்டு, கிராஸ் விரலுக்கு அசைந்தது.

கழற்றும் முன் ஃபிளாஞ்சிலும் (போல்ட் போடும் தட்டு) ஸ்பிளைனிலும் (ஷாஃப்டின் பல் இணைப்பு) பெயிண்ட் கோடு போட்டுவிடு, திரும்ப அதே இடத்தில் கோக்க வேண்டும். ஒற்றை ஜாயிண்ட் சாய்ந்து சுழன்றால் வேகம் ஒரே சீராக இருக்காது. உள்ளே 1000 சுற்று போனால், 10 டிகிரி சாய்வில் வெளியே ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை 985-க்கும் 1015-க்கும் நடுவே ஏறி இறங்கும். அதை இன்னொரு முனையின் ஜாயிண்ட் ஈடுகட்டுகிறது. அதற்கு ஷாஃப்டின் இரு முனை யோக்குகளும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், சாய்வும் இரண்டு முனையிலும் சமமாக இருக்க வேண்டும். கோடு போடாமல் கழற்றி, கண் மதிப்பில் இரண்டு பல் தள்ளிக் கோத்தவன் நான். வேகம் எடுத்ததும் தரையெல்லாம் அதிர்ந்தது. ஒரு வாரம் டயரைச் சந்தேகப்பட்டு, காற்றை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன்.

கிரீஸ் ஏற்றும் நிப்பிள் ஷாஃப்ட் பக்கம் பார்த்து இருக்கட்டும். ஃபிளாஞ்ச் பக்கம் திருப்பிப் போட்டால், பூட்டிய பிறகு கிரீஸ் கன் உள்ளே போகாது.

ஜாக்கை நம்பி அடியில் போகாதே, ஸ்டாண்ட் வைத்துக்கொள். முன்னது, பின்னது இரண்டையும் அளந்து உடனே எனக்கு எழுது. என்னிடம் ஒரு 1330 பயன்படாமல் பெட்டியிலேயே கிடக்கிறது. எதற்கு வாங்கியது என்று இனிமேல் சொல்ல வேண்டியதில்லை.

உன் பழைய தோழன்