செல்லே எழுதித் தரும்போது எங்களுக்கு எதற்குக் காசு? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

தாராவி, மும்பை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கொஞ்ச நாளாகவே எங்கள் டிடிபி கடைக்கு (தட்டச்சு, அச்சு வேலைக் கடைக்கு) வருகிறவர்களில் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். "செல்லுலயே எல்லாம் எழுதித் தருதே, அப்புறம் உங்களுக்கு எதுக்குக் காசு?" நியாயமான கேள்விதான். கூட்ட நேரத்தில் ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருக்க, நான் அரைகுறையாகப் பதில் சொன்னதில் சிலருக்கு மனத்தாங்கல் இருக்கும். அதனால்தான் நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் எங்கள் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். செல்லில் எழுதித் தருகிற அந்த ஏஐ கருவிகளைத்தான் நாங்களும் பயன்படுத்துகிறோம். சாட்ஜிபிடி 2022 நவம்பர் கடைசியில் வந்தது. அப்புறம் கூகுளின் ஜெமினி, வாட்ஸ்அப்பிலேயே நீல வளையமாக மெட்டா ஏஐ என்று ஒவ்வொன்றாக வந்தன. மராத்தி விண்ணப்பத்தின் முதல் வரைவு, ஆங்கிலக் கடிதம், பயோடேட்டா எல்லாம் இப்போது எங்கள் கடையில் அதில்தான் தொடங்குகின்றன. முன்பு தமிழிலிருந்து மராத்திக்கு ஒரு பக்கம் மாற்ற "நாளை மறுநாள் வாங்க" என்று சொல்லி அனுப்புவோம். இன்று காலையில் கொடுத்தால் சாயங்காலம் கிடைக்கும். அந்த வேலை குறைந்தது உண்மை. அதனால்தான் தட்டச்சுக் கூலியைப் பக்கத்துக்கு 50 ரூபாயிலிருந்து 30 ஆகக் குறைத்தோம். சரிபார்ப்புக் கூலி 40 ரூபாயை மட்டும் குறைக்கவில்லை. ஏன் என்பதற்குத்தான் இந்த மடல்.

2025 ஆவணியில் ஒரு கல்யாணப் பத்திரிகை அடித்தோம். மாப்பிள்ளை வீடு இங்கே, பெண் வீடு திருநெல்வேலிப் பக்கம். 29-8-2025, வெள்ளிக்கிழமை முகூர்த்தம். அவசரம் என்பதால் வாசகத்தைக் கருவியிடமே கேட்டு வாங்கினோம். அழகாகவே எழுதிக் கொடுத்தது: "நிகழும் மங்களகரமான குரோதி வருடம் ஆவணி மாதம் 13ஆம் நாள்". தேதி சரி, கிழமை சரி, ஆவணி 13 சரி. அதைப் பார்த்ததுமே எங்களுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. 300 பத்திரிகை அச்சாகி, மஞ்சள் தடவி, ஊருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. பெண்ணின் பெரியப்பா ஊரிலிருந்து போன் செய்தார். "குரோதி போன வருசமாச்சே தம்பி, இது விசுவாவசு இல்லையா?" அவர் சொன்னதுதான் சரி. 2025 ஏப்ரல் 14 அன்றே விசுவாவசு பிறந்துவிட்டது. 300 பத்திரிகையையும் எங்கள் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தோம். செலவு போகட்டும். "பத்திரிகையிலேயே வருசம் தப்பா?" என்று அந்த வீட்டுப் பெரியவர்களின் முகம் சுருங்கியதை இன்றும் மறக்க முடியவில்லை.

கருவி ஏன் அப்படி எழுதியது என்று என் தங்கை மகன் விளக்கினான். கடையில் கம்ப்யூட்டர் வேலை முழுவதும் அவன்தான். பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்து அது எழுதுவதில்லை. கோடிக்கணக்கான வாக்கியங்களைப் படித்துவிட்டு, இந்தச் சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்துக் கணித்து அடுக்குகிறது. அது படித்ததில் பெரும்பகுதி பழையது, அதிலும் தமிழ் கொஞ்சம். குரோதி என்ற பெயரை எங்கோ படித்திருக்கும், எழுதிவிட்டது. தெரியாததைத் தெரியாது என்று அது நிறுத்தினால் கவலையில்லை. தெரிந்ததை எழுதுகிற அதே மிடுக்கோடு தெரியாததையும் எழுதிவிடுகிறது, அதனால் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

அன்று முதல் கடையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். அச்சுக்குப் போகும் முன் ஒருவர் சத்தமாக வாசிக்க வேண்டும், இன்னொருவர் நீங்கள் எழுதிக் கொடுத்த தாளில் விரல் வைத்துக்கொண்டே வர வேண்டும். அந்த 40 ரூபாய் இதற்குத்தான். பழைய அச்சகங்களில் புரூஃப் பார்த்த முறையும் இதேதான்.

புரட்டாசியில் இந்த வழக்கம் ஒரு வீட்டைக் காப்பாற்றியது. காதணி விழாப் பத்திரிகை. தாத்தா காலமாகிவிட்டார், அதனால் அவர் பெயருக்கு முன் 'தெய்வத்திரு' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். கருவி அதை ஏதோ கூடுதல் மரியாதைச் சொல் என்று எடுத்துக்கொண்டதோ என்னவோ, பக்கத்தில் இருந்த பாட்டி பெயருக்கும் 'தெய்வத்திருமதி' என்று சேர்த்துவிட்டது. பாட்டி நல்ல சுகத்தோடு இருக்கிறார், பத்திரிகை ஆர்டர் கொடுக்க எங்களோடு பேச வந்தவரே அவர்தான். தங்கை மகன் வாசிக்க வாசிக்க, அந்த இடத்தில் என் விரல் நின்றுவிட்டது. அது அச்சாகியிருந்தால் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

மராத்திக் காகிதங்களில் வேறு மாதிரிப் பிழை வரும். நம் 'த' ஒன்றுக்கு மராத்தியில் நாலு எழுத்து. கோமதி என்ற பெயரை ஆங்கிலத்தில் நாம் டி, ஹெச் போட்டு எழுதுகிறோம். கருவி அந்த ஆங்கிலத்தைப் பார்த்து, மூச்சை அழுத்திச் சொல்கிற அடுத்த எழுத்தைப் போட்டுவிடுகிறது. தேன்மொழி இன்னும் பாவம். இசட், ஹெச் என்பதைப் படித்து 'தேன்மோஜி' ஆக்கிவிடும். மராத்தியில் ள இருக்கிறது, நம் ழவுக்கு அதைப் போட்டால் ஓரளவு ஒட்டி வரும். இனிஷியல் இன்னொரு தலைவலி. இங்கே படிவங்களில் பெயர், அப்பா பெயர், ஆட்நாவ் (குடும்பப் பெயர்) என்று மூன்று கட்டம் இருக்கும். நமக்கு ஆட்நாவ் ஏது? கருவியிடம் விட்டால் இனிஷியலை அதுவாகவே விரித்து, இல்லாத ஒரு குடும்பப் பெயரைக் கொடுத்துவிடும். ரேஷன் கார்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பள்ளிக்கூடச் சான்றிதழில் ஒன்று என்று பெயர் மூன்றாகிவிட்டால் கெஜட்டில் பெயர் மாற்றம் வரை அலைய வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் இதற்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவதை வருடா வருடம் பார்க்கிறேன்.

இதை எழுதுவதால் நீங்கள் யாரும் அந்தக் கருவிகளைத் தொடக்கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் சந்தில் இட்லி ஆர்டர் எடுக்கிற ஓர் அக்கா இருக்கிறார், எழுதப் படிக்க அவ்வளவாக வராது. காலையில் வருகிற ஆர்டரையெல்லாம் செல்லில் தமிழில் பேசுகிறார், அது கடைவாரியாகப் பட்டியல் போட்டுத் தருகிறது. மாலையில் மகள் ஒருமுறை பார்த்துக் கொடுக்கிறாள். தோல் பை தைக்கிற ஒரு தம்பி, வெளிநாட்டு வாங்குபவருக்கு முன்பெல்லாம் எங்களிடம் வந்து ஆங்கிலக் கடிதம் எழுதி வாங்குவார். இப்போது அவரே எழுதிக்கொள்கிறார். எங்களுக்கு ஒரு வேலை போனது, ஆனால் அவர் இனி யாரையும் எதிர்பார்க்க வேண்டாம் என்பதில் எனக்கு மெய்யாகவே சந்தோஷம். தன் சரக்கைப் பற்றி அவருக்குத் தெரியும், தப்பு வந்தால் அவர் கண்ணிலேயே பட்டுவிடும். அப்படிப்பட்ட வேலைக்குக் கருவி மாதிரி கைகொடுப்பது வேறில்லை.

நமக்குத் தெரியாத விஷயத்தைக் கேட்கும்போதுதான் கவனம் வேண்டும். ஒருவர் குடியிருப்புச் சொசைட்டி நோட்டீஸுக்குப் பதில் தயார் செய்து, பிரிண்ட் போட மட்டும் கொண்டு வந்தார். அதில் ஒரு ஜிஆர் (அரசாணை) எண், தேதியோடு இருந்தது. எனக்கு என்னவோ உறுத்தியது. மகாராஷ்டிர அரசின் ஜிஆர்கள் எல்லாம் இணையதளத்தில் இருக்கின்றன, தேடிப் பார்த்தோம். அந்த எண்ணில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. 2023இல் நியூயார்க் நீதிமன்றத்தில் இரண்டு வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கொடுத்த, நடக்காத வழக்குகளின் தீர்ப்புகளை மனுவில் எழுதி 5,000 டாலர் அபராதம் கட்டும்படி ஆனது. சட்டம் படித்தவர்களுக்கே அந்தக் கதி. அதனால் ஜிஆர் எண், சட்டப் பிரிவு எண் உள்ள காகிதம் எதுவானாலும், மூலத்தைப் பார்க்காமல் நாங்கள் பிரிண்ட் போட மாட்டோம். அரை மணி நேரம் காத்திருக்கச் சொன்னால் கோபப்படாதீர்கள்.

பயோடேட்டா கொண்டு வருகிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. இரண்டு வருடம் கூரியர் கம்பெனியில் வேலை பார்த்ததை, பத்துப் பேர் கொண்ட குழுவை வழிநடத்தியதாக அது எழுதிவிடுகிறது. இன்டர்வியூவில் அதைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். செய்ததை மட்டும் வையுங்கள்.

அப்புறம் ஆதார். அவசரத்துக்கு ஆதார் அட்டையை, பேங்க் பாஸ்புக்கைப் படம் எடுத்துக் கருவியில் போட்டு "இதை வைத்து விண்ணப்பம் எழுது" என்று கேட்பதைப் பலரிடம் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். எழுதச் சொல்லும்போது பெயர் இடத்தில் கோடு, எண் இடத்தில் கோடு என்று வைத்தாலே போதும், வாசகம் கிடைத்துவிடும். பெயரையும் எண்ணையும் பிறகு நீங்கள் கையால் நிரப்பிக்கொள்ளலாம். எங்கள் கடையில் நாங்கள் செய்வதும் இதுதான், உங்கள் எண் எதுவும் எந்தக் கருவிக்குள்ளும் போகாது. எங்கேயாவது ஆதார் நகல் மட்டும் கேட்டால், முதல் 8 எண்கள் மறைத்த ஆதாரை ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம், எடுத்துக் கொடுக்க நாங்கள் காசு வாங்குவதில்லை. சாட்ஜிபிடி வைத்திருப்பவர்கள் அதன் அமைப்புகளுக்குள் 'டேட்டா கண்ட்ரோல்ஸ்' பகுதிக்குப் போனால், நீங்கள் எழுதுவதைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளாதபடி அணைத்து வைக்கலாம். தெரியாவிட்டால் செல்லைக் கொண்டு வாருங்கள், தங்கை மகன் காட்டித் தருவான்.

படங்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கோலம், குத்துவிளக்கு, வாழைமர ஓரம் எல்லாம் நன்றாகவே வரைகிறது, அவற்றை எடுத்துக்கொள்கிறோம். படத்துக்குள்ளேயே தமிழ் எழுதச் சொன்னால் எழுத்துகள் சில சமயம் சிதைந்துவிடுகின்றன. அதனால் எழுத்தை மட்டும் எப்போதும்போல கோரல்டிராவில் நாங்களே கோர்க்கிறோம். செல்லிலிருந்து வாசகத்தை அனுப்புகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். எங்கள் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது சில சமயம் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய்விடும். புரூஃப் தாள் கொடுக்கும்போது ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று நீங்களும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தை முகூர்த்தங்களுக்கு இப்போதே பத்திரிகை ஆர்டர் வரத் தொடங்கிவிட்டது. அடிக்கிறவர்கள் வீட்டுப் பெயர்களை ஒரு தாளில், கையால், தமிழில் எழுதிக் கொண்டு வாருங்கள். யார் பெரியப்பா, யார் சித்தப்பா, யார் தாய்மாமன், யார் காலமானவர் என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். முடிந்தால் வீட்டுப் பெரியவர் ஒருவரையும் கூட்டி வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை 10 முதல் 1 மணி வரை சரிபார்ப்புக்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். பெரியவர்களுக்கு நாற்காலியும் டீயும் உண்டு.

இப்படிக்கு,
உங்கள் டிடிபி கடைக்காரர்