இரண்டாவது லோடு பட்டி முழுவதும் உதிர்கிறது: எழுத்தில் பதில் வேண்டும்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கும்பகோணத்தில் நாங்கள் கட்டிவரும் வீட்டின் உள்சுவர்களுக்கு, பெயிண்டுக்கு முன் சுவரைச் சமப்படுத்த, உங்கள் வெள்ளை சிமெண்ட் பட்டியை (புட்டி) வாங்கிப் பூசினோம். அது உதிர்கிறது. இதை உங்கள் ஆட்களிடம் போனில் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் எடுக்கிறார், முதலிலிருந்து கேட்கிறார், ஒரு புகார் எண் தருகிறார். மறுநாள் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வருகிறது. எது தீர்ந்தது? யார் வந்து தீர்த்தார்கள்? இனி போனில் பேசுவதாக இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

எந்தச் சரக்கு என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஊர் ஊராகச் சுவரில் விளம்பரம் எழுதி நீங்கள் விற்கும் அதே 40 கிலோ மூட்டைதான். டீலர் கொடுத்த பில்லும், பேட்ச் எண் தெரியும்படி எடுத்த மூட்டைப் படங்களும் இத்துடன் உள்ளன.

பூச்சுவேலை மாசியில் முடிந்தது. ஒரு வாரத்துக்கும் மேல் காலையும் மாலையும் சுவருக்குத் தண்ணீர் அடித்தோம். அதன் பிறகு பங்குனி முழுவதும் காயவிட்டோம். சித்திரையில்தான் பெயிண்டர் பட்டி பார்க்கத் தொடங்கினார். முதல் லோடு மூட்டைகளில் கூடமும் சமையலறையும் முடிந்தன. அங்கே இன்றும் நகத்தால் கீறினால் கோடு விழாது. மாடி அறையின் கிழக்குச் சுவரில் பாதி முடிந்திருந்தபோது பழைய மூட்டை தீர்ந்துபோய், இரண்டாவது லோடில் வந்ததைப் பிரித்தார்கள். தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது.

ஜன்னலுக்கு இடப்பக்கம் முதல் லோடு, வலப்பக்கம் இரண்டாவது. இடப்பக்கம் இழைத்த பலகை மாதிரி நிற்கிறது. வலப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்து எடுத்தால் கை வெளுத்துவிடுகிறது. உப்புத்தாள் போட்டபோதே பொடிப்பொடியாகக் கொட்டியது. ப்ரைமர் அடித்தபோது ரோலரோடு ஒட்டிக்கொண்டு செதில் செதிலாகப் பெயர்ந்து வந்து, அடியிலிருக்கும் பூச்சின் சாம்பல் நிறம் தெரிகிறது. ஒரே சுவர், ஒரே பூச்சு, ஒரே தண்ணீர், ஒரே பெயிண்டர், அடுத்தடுத்த நாள் வேலை. மூட்டை மட்டும்தான் வேறு. அதன் பிறகு அந்த லோடில் பார்த்த மற்ற இரண்டு படுக்கையறைகளும் இதே கதிதான்.

இதைச் சொன்னபோது உங்கள் சேவை மையத்தில் ஒருவர் கொடுத்த பதில்: "சுவரில் ஈரம் இருந்தால் கம்பெனி என்ன செய்யும் மேடம்? வீட்டில் ஆண்கள் யாராவது இருந்தால் போனைக் கொடுங்கள்." நான் அரசுப் பள்ளி ஆசிரியை. இந்த வீட்டுக்கு மனை வாங்கியதிலிருந்து வங்கிக் கடன் வரை கையெழுத்துப் போட்டவள் நான். சிமெண்ட் மூட்டை எண்ணி இறக்கியவளும் நான்தான். உங்கள் பட்டிக்குப் பணம் கொடுத்தபோது வீட்டில் ஆண்கள் இருக்கிறார்களா என்று யாரும் கேட்கவில்லை. அந்த உரையாடலை நீங்கள் பதிவு செய்திருப்பீர்கள். தயவுசெய்து ஒருமுறை போட்டுக் கேளுங்கள்.

ஈரம் என்ற காரணத்துக்கு வருகிறேன். பூசுவதற்கு முன் சுவரைத் தண்ணீர் தெளித்து நனைத்துக்கொள்ள வேண்டும் என்று உங்கள் மூட்டையிலேயே அச்சடித்திருக்கிறீர்கள். சிமெண்ட் கலந்த பட்டி இறுகுவதற்குத் தண்ணீர் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததா? தரையிலிருந்து ஓதம் ஏறியது என்பார்கள். அது மாடி அறை. அந்தச் சுவருக்குப் பின்னால் குளியலறையோ குழாயோ கிடையாது. கத்திரி வெயிலில், தொட்டால் சுடுகிற சுவரைப் பார்த்துத்தான் உங்கள் தொழில்நுட்பப் பணியாளரும் ஈரம் என்றார். ஈரம் அளக்கும் கருவி எங்கே என்று கேட்டேன், கொண்டுவரவில்லை என்றார். கத்தியால் நாலு இடத்தில் சுரண்டினார், படம் எடுத்தார், தன் போனில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டார். அந்த அறிக்கையின் நகல் இன்றுவரை எனக்கு வரவில்லை.

இன்னொருவர் எம்சாண்ட் பூச்சு என்பதால் தூசி இருந்திருக்கும் என்றார். அதே எம்சாண்ட் பூச்சின்மீதுதானே உங்கள் முதல் லோடு பிடித்து நிற்கிறது? இரண்டாவது லோடைப் பிரித்தபோதே உள்ளே சின்னச் சின்னக் கட்டிகள் இருந்ததாகப் பெயிண்டர் சொல்கிறார். மூட்டை எங்கோ கிடங்கில் ஈரம் வாங்கியிருந்தால் சிமெண்ட் அங்கேயே பாதி இறுகிவிடும், சுவரில் பிடிக்காது. இதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா?

திருச்சிக் கிடங்குக்கு வரச் சொன்னது இதைவிடக் கொடுமை. மாதிரியும் மூட்டையும் கொண்டுவந்தால் அன்றே சோதித்துச் சொல்லிவிடுவோம் என்றீர்கள். பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டு, பட்டித் தூள் சிந்தும் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். காவலாளி உள்ளே விடவில்லை. வெயிலில் வாசலில் நிறுத்திவைத்து, கடைசியில் "இங்கே சோதனை வசதி எதுவும் இல்லை, டீலரைப் பாருங்கள்" என்று கேட்டுக்கு அந்தப்புறம் நின்றே ஒருவர் சொல்லி அனுப்பினார். குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. டீலரோ, கம்பெனியைப் பாருங்கள் என்கிறார். அந்தப் பையை அப்படியே திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

வைகாசியில் கிரகப்பிரவேசம் வைத்துப் பத்திரிகையும் அடித்திருந்தோம். உறவுக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து நிறுத்தினோம். ஆடி பிறக்கப்போகிறது, இனி ஆவணியில்தான் நாள் பார்க்க முடியும். அதுவரை வீட்டுக் கடன் தவணையையும் குடியிருக்கும் வீட்டு வாடகையையும் சேர்த்துக் கட்ட வேண்டும். அம்மாவின் வளையல்கள் அடகுக் கடையில் இருக்கின்றன. என் ஆயுள் சம்பாத்தியம் முழுவதும் அந்தச் சுவரில் உதிர்ந்துகொண்டிருக்கிறது. இதையெல்லாம் ஒரு மூட்டையின் விலையைத் திருப்பித் தந்து முடித்துவிடலாம் என்று உங்கள் விற்பனைப் பிரதிநிதி பேசுகிறார். ஆண்களைக் கூப்பிடச் சொன்னவருக்கு இவர் பரவாயில்லை, அவ்வளவுதான்.

நான் சண்டைக்கு வரவில்லை. உங்கள் முதல் லோடு நல்ல சரக்கு என்று நானே எழுதியிருக்கிறேன். கேட்பது நியாயமானதுதான். இரண்டாவது லோடின் பேட்சைச் சோதித்து முடிவை எழுத்தில் கொடுங்கள். மூன்று அறைகளிலும் கெட்டுப்போன பட்டியைச் சுரண்டி எடுத்து, மறுபடி இரண்டு கோட்டிங் பட்டி பார்த்து ப்ரைமர் அடிக்கும் வரையிலான பொருள், கூலி இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அந்தச் சேவை மையப் பணியாளர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்வேன். அதற்கும் அசையவில்லை என்றால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தஞ்சாவூரில் உள்ள மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். உங்கள் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. மாதிரியைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

அதே பேட்சில் இரண்டு மூட்டைகள் பிரிக்காமல் தைத்தபடியே மாடிப்படிக்கு அடியில், பலகைமேல் பத்திரமாக இருக்கின்றன. டீலர் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்வதாகச் சொன்னார், நான் கொடுக்கவில்லை. ஒன்றை நீங்கள் எடுத்துப்போகலாம், ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு. மற்றது என்னிடமே இருக்கும்.

இப்படிக்கு,
கும்பகோணம் வாடிக்கையாளர்