குரோம் அப்டேட்: ஞாயிறு இரவு 8 மணிக்குள்

வணக்கம். காரைக்குடி நம் தெரு வீடுகள் அனைத்துக்கும்:

1. கணினி: குரோமில் வலது மேல் மூலை மூன்று புள்ளி, ஹெல்ப், பிறகு அபவுட் கூகுள் குரோம். பக்கம் திறந்ததுமே அப்டேட் தானாக இறங்கும். 'ரீலாஞ்ச்' அழுத்தினால்தான் புதுசு வேலைக்கு வரும். பலரும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். திறந்திருந்த டேப்கள் திரும்ப வரும், இன்காக்னிட்டோ (பார்த்த தளங்களைப் பதிவு செய்யாத) டேப் வராது. பாதி நிரப்பிய படிவம் இருந்தால் முதலில் அதை முடியுங்கள்.

2. ஆண்ட்ராய்டு ஃபோன்: பிளே ஸ்டோரில் குரோம் தேடி, 'அப்டேட்'. ஆச்சிமார் ஃபோனையும் வாங்கிப் பாருங்கள்.

3. விண்டோஸ் 7, 8.1 உள்ள பழைய கணினி: குரோம் 109-ம் பதிப்புக்கு மேல் ஏறாது, 2023-லேயே நிறுத்தியாச்சு. அதில் பேங்க் வேலை வேண்டவே வேண்டாம்.

4. ஏதாவது தளத்தில் "பிரவுசர் பழசு, இதை டவுன்லோட் செய்க" என்று குதித்தால், தொடாமல் டேப்பை மூடுங்கள்.

முடித்தவர்கள் வீட்டு எண்ணோடு 'ஆச்சு' என்று போடுங்கள். சிக்கினால் திரையைப் படமெடுத்து அனுப்புங்கள்.